எங்கள் தெருவுக்கு வந்த பெஞ்சு

நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த தெருவில் மொத்தம் பதினோரு குவார்ட்டர்ஸ். எங்களுடையது ஒன்பதாவது. கணவர் சுரங்கத்தில் பர்மனென்ட், வீடு அவர் பெயரில் கிடைத்தது. நான் ஒரு தனியார் வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். டவுன்ஷிப்பின் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் பெஞ்சு, குப்பைத் தொட்டி, வழிகாட்டிப் பலகை, பஸ் நிழற்குடை எல்லாவற்றையும் வடிவமைத்து, செய்ய வைத்து, நட்டு, மூன்று வருடம் பராமரிக்கும் ஒப்பந்தம் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தது. உள்ளூரிலேயே இருக்கிறவள் என்பதால் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

எங்கள் தெரு முதலில் திட்டத்திலேயே இல்லை. பெரிய சாலைகள், ரவுண்டானா, மார்க்கெட், ஆஸ்பத்திரி வழி என்று முக்கியமான இடங்களுக்குத்தான் பெஞ்சு. நான் அளவு நாடாவோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், தெருவின் பாதியில், தண்ணீர்க் குழாய் வால்வுக்குப் போட்டிருந்த சிமென்ட் மூடியின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினார். மூடி தரையோடு தரையாக இருந்ததால் முழங்கால் இரண்டும் மார்பை இடித்தன.

அவரை எனக்கு முகப் பழக்கம் உண்டு. கடைசி இரண்டு வீடுகளில் சமையல் செய்பவர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டில் இறங்கி, எங்கள் தெரு முழுவதையும் நடந்து கடப்பார். எங்கள் தெருவில் வீடுகள் தெருவை ஒட்டியே இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் பெரிய காம்பவுண்டு. பதினோரு வீடு என்றாலும் நடை நீளம்.

"என்னக்கா, உடம்பு முடியலையா?" என்றேன்.

"இதயத்துல வால்வு சுருங்கிப் போச்சாம்மா. நடந்துகினே இருந்தா மூச்சு நின்னுபுடும் போல வருது. இங்க ஒரு நிமிஷம் குந்திட்டுப் போவேன். எந்திரிக்கத்தான் கஷ்டம்." என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். "பெஞ்சு போடறது நீங்கதானாம்மே. ரோட்டுல எல்லாம் போட்டுகினு வரீங்களே, இங்க ஒண்ணு போடக்கூடாதா?"

நான் கையைக் கொடுத்தேன். எழுந்திருக்க அவர் இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

பெஞ்சு கேட்கவும் பெஞ்சு வேண்டாம் என்று சொல்லவும் ஒரே படிவம்தான். அதைத் தயாரித்தவள் நான். மக்கள் சொல்வதைக் கேட்டுச் செய்கிற திட்டமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, யாராவது எழுத்து மூலம் ஆட்சேபனை கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் பெஞ்சை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று நானே விதி எழுதினேன். நிர்வாகம் அதை நல்ல யோசனை என்று ஏற்றுக்கொண்டது. படிவத்தின் முதல் கட்டம், குவார்ட்டர்ஸ் எண். அது இல்லாவிட்டால் படிவம் செல்லாது. சமையல் செய்யும் அக்காவுக்கு டவுன்ஷிப்பில் எண் ஏது? என் வீட்டு எண்ணையே எழுதி, கேட்பவர் என்ற இடத்தில் என் கையெழுத்தையே போட்டேன்.

பெஞ்சு வந்தது. வார்ப்பில் ஊற்றிய சிமென்ட் பெஞ்சு, இரண்டு கால், மேலே ஒரு பலகை, சாய்வு. திருடு போகாது, துருப்பிடிக்காது, வெயிலில் இரும்பு போலச் சுடாது. உட்காரும் உயரம் பதினேழு அங்குலம். தாழ்வாக இருந்தால் எழ முடியாது என்பதை அன்று கண்ணால் பார்த்திருந்தேன். அதனால் இந்த ஒன்றை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்திப் பதிக்கச் சொன்னேன். ஆறாவது வீட்டின் முன், புங்கமர நிழலில் நட்டோம். மறுநாள் அவர் வந்து உட்கார்ந்தார். நான் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.

"ஒசரம் சரியா இருக்காக்கா?"

"சேர் மாதிரி கீதும்மா," என்று கையால் பலகையைத் தடவினார். "வேலை செய்யற வூட்டுக்குள்ள மூச்சு வாங்கிகினு போய் நின்னா, இவளால சமைக்க முடியுமான்னு நெனப்பாங்க இல்ல? இங்க குந்தி, மூச்சு அடங்கினப்புறம் போறேன். அவங்களுக்குத் தெரியாது."

இரண்டு வாரம் கழித்து ஆறாவது வீட்டம்மா படிவத்தோடு என் வீட்டுக்கே வந்தார். திருநெல்வேலிக்காரர், மரியாதையானவர். வாசலிலேயே நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க. பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா. சாயங்காலம் ஆனா அஞ்சாறு பசங்க அந்த பெஞ்சுல உக்காந்து போன்ல பாட்டு போடுறாங்க. ஜன்னல் அங்கதான் இருக்கு. அவ படிக்கவும் முடியல, வெளியில வரவும் முடியல. நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

பையன்கள் பெஞ்சில் உட்காரக் கூடாதென்று பலகையா வைக்க முடியும்? படிவத்தை வாங்கிக்கொண்டேன். டிராக்டரும் ஆறு ஆட்களும் வந்தார்கள். கடப்பாரையால் நெம்பி, காலைச் சுற்றியிருந்த கான்கிரீட்டை உடைத்து எடுத்து, ஐந்தாவது வீட்டின் முன் நட்டார்கள். நான் அன்று வேறு பிளாக்கில் இருந்தேன். மேஸ்திரி மற்ற பெஞ்சுகளைப் போலவே பதினேழு அங்குலத்தில் பதித்துவிட்டார். பழைய இடத்தில் இரண்டு குழிகள். அவற்றை மூடவில்லை என்று ஆறாவது வீட்டிலிருந்து இன்னொரு படிவம் வந்தது.

ஐந்தாவது வீட்டுக்காரர் நான்கு நாள் கூடப் பொறுக்கவில்லை. வாசலுக்கு நேர் எதிரே கல் நிற்கக் கூடாதாம், வாஸ்துப்படி. அவருக்கு அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு கெட்ட காரியம் நடந்திருந்தது. தம்பி விபத்தில் போனார், மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் வாஸ்துவைப் பற்றி வாதாட யாருக்கும் மனம் வராது. மூன்றாவது வீட்டுக்குக் கொண்டுபோனோம். அது மெயின் ரோட்டுக்கு மிக அருகே. பஸ்ஸைவிட்டு இறங்கிய உடனே யாருக்கு உட்காரத் தேவை? சமையல்கார அக்கா அதைத் தாண்டி நடந்து, பழையபடி வால்வு மூடியில் உட்கார்ந்தார். மூன்றாவது வீட்டில் கார் வாங்கினார்கள். காரைத் திருப்ப இடமில்லை என்று அடுத்த படிவம் வந்தது.

அதற்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. கேட்டது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படிவத்தில் என் எண்தான். ஏழாவது வீட்டம்மா மார்க்கெட்டில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆசைப்பட்டுக் கேட்டவங்க வீட்டு முன்னாடியே வச்சுக்கலாமே, என்ன?"

நியாயம்தான். நானும் அதையே நினைத்திருந்தேன்.

பெஞ்சு எங்கள் வீட்டு முன் வந்த அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பத்தொன்பது அங்குலம் வரும் வரை மேஸ்திரியை விடவில்லை. அந்த இடம் அக்காவுக்கு மற்ற எல்லா இடத்தையும்விடப் பொருந்தியது. வேலை செய்யும் வீட்டுக்கு ஒரு வீடு முன்னால். மூச்சு அடங்கியதும் எழுந்து நேரே உள்ளே போய்விடலாம். வழியில் இன்னும் ஓரிரண்டு முறை நின்று நின்றுதான் வந்தார். ஆனாலும் எங்கள் வாசலை எட்டும்போது அவர் முகத்தில் வீடு வந்து சேர்ந்ததுபோல ஒரு தளர்வு தெரியும். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

என் கணவருக்கு அந்த மாதம் நைட் ஷிஃப்ட் அதிகம். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டு முன் அறையில் படுப்பார். எங்கள் வீட்டில் அந்த ஓர் அறைக்குத்தான் ஏசி, பெஞ்சு அந்த ஜன்னலுக்கு வெளியே. அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. பார்சல் கொண்டுவரும் பையன்கள் நிழல் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, பெஞ்சில் பைகளைப் பரப்பி, ஒவ்வொரு வீடாகப் போன் செய்வார்கள். பகல் முழுவதும் "சார், வீட்ல இருக்கீங்களா? எந்த டைப் குவார்ட்டர்ஸ் சார்?" என்று குரல் கேட்டபடியே இருக்கும். நான் போய்ச் சொன்னால் ஒருவன் எழுவான், அரை மணியில் வேறொருவன் வருவான்.

என் கணவர் குறை சொல்கிறவர் அல்ல. பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். கட்டிலைப் பின் அறைக்குப் போட்டோம், அங்கே அனல். ஒன்பதாவதோ பத்தாவதோ நாள், டிபன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"நேத்து மிஷின்ல கண்ணு சொக்கிட்டுது. ரெண்டு செகண்டு இருக்கும். ஆப்பரேட்டர் கேபின்ல நான் மட்டும்தான். கீழ ஆளுங்க நின்னுட்டிருந்தாங்க."

பூமியையே வாரி எடுக்கிற மிஷின் அது.

"அந்த அம்மா பாவம்தான்," என்றார். "அவங்க மூச்சு வாங்குறதுகூட ஜன்னல்ல கேக்குது. முழிச்சுப் படுத்துக்கிட்டு அதையே கேட்டுக்கிட்டு இருக்கேன். வேற எங்கயாவது வைக்க முடியாதா?"

வேறெங்கே? இரண்டாவது வீட்டுக்காரர் முன்கூட்டியே ஆட்சேபனை எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்றும் நான்கும் மெயின் ரோட்டுப் பக்கம், அக்காவுக்கு உதவாது, ஏழாவது வீட்டம்மாவின் மனம் மார்க்கெட்டிலேயே தெரிந்துவிட்டது. எட்டாவது வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தார். அவருக்கும் அதே ஜன்னல், அதே சத்தம். பத்தும் பதினொன்றும் அக்கா சமைக்கும் வீடுகள். அங்கே வைத்தால் அவர் மறைக்க நினைப்பதை அவர்கள் எதிரிலேயே வைத்துக் காட்டுவதுபோல ஆகிவிடும். அலுவலகத்துக்குப் போன் செய்து, படிவத்தில் ஒரு மாற்றம் வேண்டும், தெருவில் குடியிருக்காவிட்டாலும் பெஞ்சைப் பயன்படுத்துகிறவர்களும் எழுதிக் கொடுக்க ஒரு கட்டம் வேண்டும் என்றேன். மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மேடம், நீங்க போட்ட படிவம்தானே? மூணு வருஷத்துக்கு ஒப்புக்கிட்டது. இப்ப ஒரு வரி மாத்தினாலும் முழுசா திரும்ப அனுமதிக்கு அனுப்பணும். ஒரு பெஞ்சுக்காகவா?"

அன்று மத்தியானம் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினேன். குவார்ட்டர்ஸ் எண். ஆட்சேபனைக்குக் காரணம்: ஷிஃப்ட் ஊழியரின் பகல் தூக்கம். ஆட்சேபிப்பவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, படிவத்தைப் பெறுபவர் என்ற இடத்திலும் என் கையெழுத்துதான். இரண்டு கையெழுத்தையும் ஒரே பேனாவால் போட்டேன்.

பெஞ்சை ரவுண்டானாப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஏற்கெனவே ஆறு பெஞ்சு உண்டு. அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தேன், செம்பைக் கொடுத்தேன், சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் வெறும் குழிகளுக்கு முன் வந்து நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். நான் கதவைத் திறந்து வெளியே போவதற்குள் நடந்துவிட்டார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டிருக்கலாம். பிறகு ஒருநாள் கூப்பிட்டேன். "அய்யா தூங்கறாரு இல்ல, வேணாம்மா," என்றார்.

அதற்குப் பின் அவர் பெரும்பாலும் மூச்சோடு போராடிக்கொண்டேதான் வேலை வீட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். பத்தாவது வீட்டம்மாவே ஒருநாள் என்னிடம் சொன்னார், நல்ல மனதோடுதான்: "பயமா இருந்துச்சுங்க. அடுப்பு முன்னாடி நின்னுட்டு இருக்கிறப்ப ஏதாவது ஆயிட்டா? உடம்பைப் பாத்துக்கங்க, சரியானதும் வாங்கன்னு சொல்லிட்டேன்." பதினோராவது வீட்டிலும் அப்படியே. இரண்டு வீட்டுக்கும் ஒரு புதுப் பெண் வர ஆரம்பித்தாள். வேகமாக நடப்பாள்.

திட்டத்தின் மூன்றாவது வருடம் முடியும் தறுவாயில், ஒரு வேலையாகக் குறிஞ்சிப்பாடி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். கடலூருக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். நான்தான் முதலில் பேசினேன்.

"ஆபரேஷன் ஆச்சாக்கா?"

"தேதி குடுக்கறேன்னு சொல்லிகினே கீறாங்க. போறேன், எழுதி வாங்கிகினு வரேன்." பிறகு என் கணவரைக் கேட்டார். "அய்யா இப்ப நல்லா தூங்கறாரா?"

அப்படியானால் பெஞ்சு ஏன் போனதென்று அவருக்குத் தெரியும். மேஸ்திரி சொல்லியிருப்பார், அல்லது தெருவே சொல்லியிருக்கும்.

"அக்கா, நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"தெரியும்மா. தூக்கம் இல்லாம அந்த மிஷின் ஓட்ட முடியுமா, பாவம். நான் உங்கள ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் நின்று மூச்சு எடுத்தார். "பெஞ்சு வராம இருந்தா அந்தக் கொழா மூடி மேலயே குந்திகினு இருந்திருப்பேன். பெஞ்சுல குந்தி ஒடம்பு பழகிப் போச்சு, அதுக்கப்புறம் மூடியிலேந்து எந்திரிக்கவே முடியல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. உடம்பில் நடந்ததைச் சொன்னார். அதற்குள் கடலூர் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியது. நான் முன்னால் ஓடி ஏறி, ஜன்னலோரமாக ஒரு சீட்டில் கைப்பையைப் போட்டு இடம் பிடித்தேன். அவர் ஏறி வருவதற்குள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளையும் என்ன சொல்ல?

"பரவாயில்லம்மா, நீங்க எறங்குங்க, வண்டி எடுத்துடுவான்," என்றார் அக்கா, கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான் இறங்கினேன். கூட்டத்துக்கு நடுவில் அவருடைய கையும் ஃபைலும் மட்டும் கொஞ்ச தூரம் வரை தெரிந்தன.