பெருமாள் விளக்கின் பிளக்

எங்கள் வீட்டில் எண்ணெய் விளக்கு ஏற்றுவதில்லை. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். புரட்டாசியில், ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் வீட்டுக்கு வீடு மாவிளக்கு எரியும்போது எங்கள் பெருமாள் படத்துக்கு முன்னால் இரண்டு சிவப்பு ஜீரோ பல்புதான் எரியும். பக்கத்தில், கோவிந்த நாமம் ஓயாமல் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று.

காரணம் என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் அடுத்தவர் பவர்லூமில் வேலை செய்தவர். பஞ்சுத் தூசியா, பீடியா, எது என்று டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை, நுரையீரல் கெட்டுவிட்டது. போன வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, மலையைப் பார்த்து நான் வேண்டிக்கொண்டேன். இந்த மனுஷனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பு, உன் முன்னால் அகண்டம் ஏற்றுகிறேன், நான் இருக்கும் மட்டும் அணைய விடமாட்டேன் என்று.

அனுப்பிவிட்டார். கூடவே ஒரு ஆக்சிஜன் மெஷினும் வந்தது. அதன் குழாய் ராத்திரி பகல் மூக்கில் இருக்க வேண்டும். எடுத்தால் வாசல் வரை நடப்பதற்குள் உதடு நீலமாகிவிடும். கிளம்பும்போது நர்ஸ் சொன்னாள், மெஷின் இருக்கும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி ஒன்றும் கூடாது, குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்று. எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. சாமி அலமாரியும் அவர் கட்டிலும் அதில்தான். அதனால்தான் பல்பு. கரண்ட் போனாலும் அணையக் கூடாது என்று அதையும் மெஷின் ஓடும் இன்வெர்ட்டர் லைனிலேயே சேர்த்துவிட்டேன்.

கோடையில் ஒரு நாள் கரண்ட் போனபோது மூன்று மணி நேரம் வர வேண்டிய பேட்டரி இரண்டரை மணி நேரத்திலேயே கூவ ஆரம்பித்தது. வயரிங் செய்து கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பேட்டரியைப் பார்த்துவிட்டு, டிவிக்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸைக் காட்டினார்.

"இது மேல கைய வெய்யிம்மா."

"ஆஃப் பண்ணிட்டேனே அண்ணா, ரிமோட்டுல."

"கைய வெய்யி."

சூடாக இருந்தது.

"பாத்தியா, தூங்கல. முழிச்சிக்கினு கெடக்குது. கரண்ட்ட துன்னுக்கினே கெடக்குது. எது சூடா இருக்குதோ அது துன்னுதுன்னு அர்த்தம். சுவிட்ச அமுக்கினா போதாது, பிளக்க புடுங்கு."

வைஃபை பெட்டி, போன் இல்லாமல் சும்மா சொருகி வைத்த சார்ஜர், டிவி என்று எல்லாவற்றையும் பிடுங்கினார். இவையெல்லாம் போனால் பேட்டரி கால் மணி நேரம் கூடுதலாக வரும் என்றார். பிறகு சாமி அலமாரியைப் பார்த்தார்.

"அங்க பின்னாடி?"

"அது சாமி லைன் அண்ணா. அதுல ஒண்ணும் போவாது."

"ஏன், சாமிக்கு தனியா மீட்டரு போட்டுக்கிறாங்களா?"

கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் அன்று கோழி சாப்பிட்டுவிட்டு வந்திருந்ததால் அலமாரியைத் தொடவில்லை. "பேருதான் ஜீரோ பல்பு, அதுவும் துன்னும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அது எனக்குப் பழக்கமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பேன். அதே கையோடு டிவி, பாக்ஸ், சார்ஜர் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் நிம்மதி.

போன புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. மழைக்கு முன்னால் லைன் மேலே படுகிற கிளைகளை வெட்டப் போகிறார்கள், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே போனில் மெசேஜ் வந்தது. சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று எங்களிடம் உண்டு. அது காலியாகி, நிரப்பத் திருப்பதிக்குப் போயிருந்தது. திங்கள்கிழமைதான் வரும். பேட்டரிதான் கதி.

ஒன்பதுக்கு முன்னாலேயே எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன். ஃபேனைக்கூட நிறுத்தி, விசிறி எடுத்துக்கொண்டேன். பெருமாள் விளக்கு எரிந்தது. சனிக்கிழமை, அதுவும் புரட்டாசி. அதை அணைப்பது என் புத்திக்கே எட்டவில்லை.

பன்னிரண்டு ஆனது. கரண்ட் வரவில்லை. லைன்மேனுக்குப் போன் செய்தேன்.

"இங்கா அரகண்ட பட்டுதம்மா" என்றார். இன்னும் அரைமணி நேரமாம். வெட்டிய கிளை கம்பி மேலேயே விழுந்துவிட்டதாம்.

"சாரு, வீட்ல ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கினு இருக்குது சாரு."

"ஏம் சேஸேதம்மா, மேமு கூட செட்டு மீதே உன்னாம்." நாங்களும் மரத்து மேலேதான் இருக்கிறோம், என்ன செய்ய என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டே காலுக்கு இன்வெர்ட்டர் கூவியது. நான் வீடு முழுக்கப் புறங்கையால் தொட்டுக்கொண்டே ஓடினேன். எல்லாம் சில்லென்று இருந்தது. பிடுங்க ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். பெட்டியின் அடாப்டர் சுட்டது. பல்புகளும் சுட்டன.

அப்படியே நின்றுவிட்டேன். கை பிளக்கில் இருக்கிறது, இழுக்க வரவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு, என் புருஷன், இரண்டில் எதை எடுக்கச் சொல்கிறாய் என்று பெருமாளையே கேட்டேன். நாமப் பெட்டி அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"ஏமே" என்றார் வீட்டுக்காரர். மூச்சுக்கு ஒரு வார்த்தையாகத்தான் அவர் பேசுவார். "புடுங்கு. அவரு கண்ணத்தான்... நாமம் மூடிக்கினு... இருக்குதே. இருட்டு... அவருக்குப் புதுசா?"

பிடுங்கினேன். நாமம் பாதியில் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் எரிந்த வெளிச்சம் போய், படத்தின் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

பேட்டரி அப்புறமும் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. மெஷின் ஒரு நீண்ட சத்தம் போட்டு நின்றது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கையால் விசிறிக்கொண்டு, ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டால் வழியிலேயே போய்விடுவார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டி விட்ட இடத்திலிருந்து நானே கோவிந்தா, கோவிந்தா என்று சொல்ல ஆரம்பித்தேன். மூச்சு எடுக்க அவர் தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது. விரலால் எண்ணினேன். ஐம்பத்து மூன்றாவது கோவிந்தாவில் கரண்ட் வந்தது.

அவர் பிழைத்தார். ஆனால் அன்று விழுந்தது விழுந்ததுதான். அதற்கு முன்னால் கொல்லை வரை குழாயோடு நடப்பார். இப்போது கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"கடைசில புடுங்கினா இன்னா வரும்மா? ஒம்போது மணிக்கே புடுங்கி இருக்கணும். மூணு மணி நேரத்துல அது துன்னது, மெஷினுக்கு எட்டு பத்து நிமிஷம் வரும்."

ஐம்பத்து மூன்று கோவிந்தாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்று சாயங்காலம் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

அதிலிருந்து எனக்குப் பெருமாளிடம் எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை. வாக்கைக் கொடுத்தவள் நான், உடைத்தவளும் நான். சரி, உடைத்ததாவது காலையிலேயே உடைத்தேனா? மெஷினைக் கொடுத்தவரும் அவர்தானே, அவருக்குத் தெரியாதா, எனக்குத்தான் புத்தி வரவில்லை. விளக்கை மறுபடியும் எரியவிட்டிருக்கிறேன். சில நாள் பூப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்காமலே போட்டுவிட்டு வருகிறேன்.

இன்றைக்கு மறுபடியும் மெசேஜ் வந்திருக்கிறது. நாளை ஒன்பதிலிருந்து இரண்டு வரை. ஐந்து மணி நேரம். சிலிண்டர் ஒன்றுதான், அதில் பாதிதான் இருக்கிறது. கரண்ட் ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், எழுதிக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் யாரிடமாவது இன்னொரு பேட்டரி கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

நாளை வரை பொறுக்க மனம் வரவில்லை. பேட்டரிக்கு இன்றைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். அடாப்டர் மேலே புறங்கையை வைத்துக்கொண்டு, அது சில்லென்று ஆகும் வரை அங்கேயே நின்றேன்.