திரும்பி வராத பானெட்

ஐயனார் கைபட்டுப் போனதெல்லாம் அவரிடமே திரும்பி வந்தது. திருவேட்டக்குடியில் இருபத்தாறு வருஷமாக ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். எந்தப் படகைச் சரிசெய்து அனுப்பினாலும் அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தில் அது வேறொரு புண்ணோடு அவர் வாசலில் வந்து கிடக்கும். திரும்பி வராத ஒரு பொருளைச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை மனைவி விசாலாட்சியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"வாங்கிட்டுப் போன கடனெல்லாம் அப்புடித்தான், திரும்பியே வராது. புதுசா வேற ஒன்னு செய்யணுமாக்கும்" என்றாள் அவள்.

காஜா நஜ்முதீன் காரைக்காலில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். விடிகாலையில் பழைய மாருதி காரில் கரைக்கு வந்து மீன் எடுத்துப் போவார். உப்புக்காற்று அந்தக் காரின் எஞ்சினை மூடும் பானெட்டைச் சல்லடையாக்கியிருந்தது.

"வேற பானெட் போட்டாலும் ரெண்டு வருஷந்தான் அண்ணே."

"நான் செஞ்சு தர்றேன் பாய். கார்பன் ஃபைபர் துணியில. ஆயுசுக்கும் துருப்பிடிக்காது."

சொன்ன பிறகுதான், சொன்னது தான்தான் என்பது ஐயனாருக்கே உறைத்தது.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன ஆனி மாதம் அது. ஓட்டையான பானெட்டுக்குப் பட்டி பார்த்து, மெழுகு தேய்த்து, அதன்மேலேயே அச்சு எடுத்தார். காற்றை உறிஞ்சும் பம்புக்குக் கெட்டுப்போன ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர். சூடேற்றும் அடுப்புக்கு மொட்டைமாடி வெயில். துணிக்கு மட்டும்தான் செலவு. கீழ் அடுக்குகளுக்குப் படகுக்குப் போடும் கண்ணாடி இழை விரிப்பான மேட்டே போதும், பாதிச் செலவு மிச்சம் என்று ரெசின் பசை விற்கும் கடைக்காரர் சொன்னார். ஐயனார் கேட்கவில்லை. படகின் வாசனைகூட இதில் இருக்கக் கூடாது.

கறுப்புத் துணியை விரித்து, ரெசின் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் கம்ப்ரஸரைப் போட்டார். தாள் மெல்ல மெல்ல அச்சோடு படிந்தது. தூங்குகிறவன் இழுத்த மூச்சு உள்ளே போய்த் திரும்பாமலே நின்றுவிட்ட மாதிரி. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொலைவில் அலைச்சத்தம் கேட்டது. அது இன்றைக்கு வேறு யாரையோ கூப்பிடுவதாகப் பட்டது அவருக்கு.

மூன்றாம் நாள் அச்சிலிருந்து பிரித்தார். ஓரத்தில் இரண்டு காற்றுக்குமிழ், ஒரு சின்னச் சுருக்கம். மற்றபடி வேலை மோசமில்லை. இரண்டு விரலில் தூக்க முடிந்தது. அன்று முழுக்க அவர் நடையிலும் எடை குறைந்திருந்தது.

தை பிறந்ததும் அந்தக் கார் வாசலில் வந்து நின்றது. நஜ்முதீன் உள்ளங்கையை விரித்தார். செம்மண் போலத் துருத்தூள்.

"பானெட்டுல ஒரு புள்ளி இல்லண்ணே. அதத் தாங்குற கீலும் போல்டும்தான் இப்புடி. பழைய தகரம் இருந்தப்பகூட அது நல்லாத்தான் இருந்திச்சு. நேத்து பாலத்துமேல பானெட்டு பட்டம் மாதிரி எந்திரிக்கப் பாத்திச்சு."

ஐயனார் குனிந்து பார்த்தார். கறுப்பு நெசவு அன்று பிரித்தது போலவே பளபளத்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது.

தேநீர் கொண்டுவந்த விசாலாட்சி எட்டிப் பார்த்தாள். "இவரு மாதிரிதான் பாய் இதுவும். இவருக்குக் கோவமே வராது. கூட இருக்குற நாந்தான் எல்லாத்துக்கும் சேத்துக் கத்தணும்."

நஜ்முதீன் சிரித்தார். ஐயனார் சிரிக்கவில்லை. தண்ணீருக்குள் சுழலும் படகு எஞ்சினின் காற்றாடி ஞாபகம் வந்தது. பித்தளைக் காற்றாடிக்குப் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி வைப்பார்கள். உப்புத் தண்ணீரில் பித்தளை கெடாது, பக்கத்தில் இருப்பதுதான் கரையும். அதற்கென்றே வைக்கிற கட்டி அது. கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"துணிதானேன்னு நெனச்சிட்டேன் பாய். இதுவும் அந்தப் பித்தளை சாதிதான். உப்பு ஈரம் பட்டா, தான் கெடாது, தொட்ட இரும்பைக் கெடுத்துடும்."

தனக்கு ஒன்றும் ஆகாத ஒரு பொருளை அவர் செய்துவிட்டார். அதற்குத்தான் ஆசைப்பட்டிருந்தார். ஆனால் கீல் இல்லாமல் பானெட் எதன்மேல் நிற்கும்?

பட்டறைக்குள் போய்க் கண்ணாடி மேட்டில் ஒரு துண்டு கிழித்து வந்தார். வேண்டாம் என்று ஒதுக்கிய அதே மேட். புதுக் கீல் உட்காரும் இடத்தில் கார்பனுக்கும் இரும்புக்கும் நடுவே அதை ரெசினில் ஒட்டினார். போல்டுத் துளைகளுக்குப் பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் செருகினார். இனி ஒன்றையொன்று தொடாது. கை தானாகப் போனது. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

சாயங்காலம் நஜ்முதீன் சாவியைப் போட்டார். "இனிமே ஆயுசுக்கும்தானே அண்ணே?"

ஐயனார் பானெட்டை அழுத்தி மூடினார். கை அதன்மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒருக்கா கொண்டாங்க பாய்" என்றார். "பாத்துடுவோம்."