செம்மங்குப்பத்தில் நின்ற சீர்வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால். செம்மங்குப்பம். கெமிக்கல் கம்பெனி வாசனை மூக்கைத் துளைக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போய்க்கொண்டிருந்த என் டீசல் கார், ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இரண்டு தடவை இருமியது... நின்றுவிட்டது.

நின்றது பெரிய விஷயமில்லை. மூன்று மாதமாக நின்றுகொண்டுதான் இருக்கிறது. நின்ற நாள்தான் விஷயம்.

என் தங்கைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு, அன்று சிதம்பரத்தில் மொட்டையடித்துக் காதுகுத்து. பத்தரைக்குள் முகூர்த்தம். குழந்தை யார் மடியில் உட்கார வேண்டும்? தாய்மாமன் மடியில். தங்கைக்கு எத்தனை அண்ணன்? ஒரே அண்ணன். அந்த ஒரே அண்ணன் எங்கே? பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எது எதுவென்றே தெரியாமல் உள்ளே முறைத்துக்கொண்டிருக்கிறான்.

டிக்கியில் பதினோரு சீர்த்தட்டு. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏறலாம்தான். தாய்மாமன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் எத்தனை தட்டைப் பிடிப்பான்?

"எல்லாம் நீ போட்ட டீசல்!" என்றேன் மனைவியிடம்.

மூன்று மாதமாக இதே வசனத்தைக் கேட்டுக் கலாவுக்கு அலுத்துவிட்டது.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், கலா காரை எடுத்துக்கொண்டு போனவள் வழியில் ஒரு பங்கில் டீசல் போட்டாள். அதற்கப்புறம்தான் வந்தது இந்த வியாதி. பிக்கப் இருக்காது. நாற்பதுக்கு மேல் ஏறாது. இன்ஜின் விளக்கு எரியும். பட்டென்று அணையும். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்!

டீசலில் தண்ணீர் — இது என் தீர்ப்பு. டேங்கைக் கழற்றிக் கழுவ வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தீர்ப்பை மாற்றிக்கொண்டேனா? நானா?

ஒரு மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார். இன்னொருவர் டீசல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்ட் செய்துவிட்டு, "நாலும் தங்கம் சார்" என்று திரும்ப மாட்டினார். ஆபீஸ் நண்பர் ஒருவர் திருஷ்டி என்றார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். தெருமுனை வரை ஜோராகப் போனது. அங்கே நின்றது.

செல்போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, எங்க வந்துகிட்டு இருக்க?"

"புதுச்சத்திரம் தாண்டிட்டேம்மா. தோ, வந்துட்டேன்!"

புதுச்சத்திரம் வரவே இன்னும் தூரம் இருந்தது. கலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்து நிமிஷத்தில் கிளம்பும்தான், ஆனால் சிதம்பரம் போவதற்குள் இன்னும் எத்தனை தடவை நிற்குமோ! தன் போனை எடுத்து நாசர் பாயைக் கூப்பிட்டாள்.

நாசர் பாய் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். துபாயில் பன்னிரண்டு வருஷம் டீசல் வண்டியாகவே பார்த்துவிட்டு வந்தவர். கலாவோடு ஒரே தெருவில் வளர்ந்ததால் அவளை அக்கா என்பார். அந்த வகையில் எனக்கு மச்சான் முறை. இப்படிப்பட்ட ஆளிடம் மூன்று மாதமாக ஏன் காட்டவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? பெண்டாட்டி சொன்ன மெக்கானிக். வேறு காரணம் வேண்டுமா?

அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார். வண்டியைத் தொடவே இல்லை. நேராகக் கலாவிடம் போனார்.

"அக்கா, எப்பப்பல்லாம் நிக்குது?"

"குலுங்குனா நிக்குது நாசரு. பள்ளத்துல உட்டா நிக்குது, வேகத்தடை ஏறுனா நிக்குது. ரோடு நல்லா இருந்தா ஓடுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதத்தில் இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. முக்கியமாக, நான் கேட்கவில்லை.

நாசர் பாய் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் சொருகி, கையிலிருந்த ஸ்கேனரைப் பார்த்தார்.

"மாமா, இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்புற குழா இருக்குதுல்ல? அதுல அழுத்தம் எவ்ளோன்னு சொல்றதுக்கு ஒரு சென்சார் இருக்கும். அது ஒளறுது. அங்க அழுத்தம் சரியாத்தான் இருக்கும். இது இல்லன்னு சொல்லும். வண்டியில இருக்குற கம்ப்யூட்டரு அத நம்பி இன்ஜின நிறுத்திடும்."

"அப்ப... டீசல்?"

"டீசல் மேல ஒரு குத்தமும் இல்ல மாமா."

கலா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்று அரை மணிக்கு மேல் ஆகிவிட்டதால், சாவியைத் திருகியதும் வழக்கம்போல் வண்டி கிளம்பியது. நாசர் பாய் பானெட்டுக்குள் கையை விட்டு, சென்சாருக்குப் போகும் ஒயரை லேசாக ஆட்டினார். ஸ்கேனரில் இருந்த எண் மளமளவென்று இறங்கியது. இன்ஜின் அணைந்தது.

"அக்கா சொன்னாங்கல்ல? குலுங்குனா நிக்குது."

சென்சாரில் சொருகியிருந்த கிளிப்பை உருவினார். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா... சந்தனம்!"

அப்புறம்தான் மற்ற இடங்களையும் பார்த்தார். பேட்டரியில் பொட்டு. ரேடியேட்டர் மூடியில் பொட்டு. ஆயில் மூடியில், ஃபியூஸ் பெட்டியில், ஹாரனில்கூடப் பொட்டு.

"என்னா மாமா இது, இன்ஜினுக்கு வளகாப்பு பண்ணிருக்கீங்க?"

ஆயுத பூஜைக்கு எல்லோரும் காருக்கு வெளியே பொட்டு வைப்பார்கள். எனக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. நிஜமாக உழைப்பது உள்ளே இருப்பவைதானே, அவற்றுக்குக் குறை வைக்கலாமா? கைக்கு எட்டிய கிளிப்பையெல்லாம் கழற்றி, ஈரத்துணியை விட்டுத் துடைத்து, ஆளுக்கொரு பொட்டு வைத்து, மறுபடி மாட்டியவன் நான்தான்.

"எங்க ஒர்க்‌ஷாப்லயும் பசங்க ஆயுத பூஜை போடுவாங்க மாமா. ஸ்பானருக்குத்தான் பொட்டு வெப்பாங்க. ஒயருக்குள்ள வெக்க மாட்டாங்க."

கலாவுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று கண்ணைக் காட்டினேன். அவள் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"மூணு மாசம்..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. யோசித்துப் பாருங்கள்... வண்டி நின்றால் நாம் முதலில் பானெட்டையா திறக்கிறோம்? வாயைத்தான் திறக்கிறோம். பழி போட ஆள் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் கோளாறை யார் தேடுவது?

"தப்பு என் மேலதான் கலா."

"லாரி போற சத்தத்துல கேக்கல. சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். டீக்கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நாசர் பாய் ஏதோ ஸ்ப்ரே அடித்துச் சந்தனத்தைக் கழுவி, கம்பிகளைச் சுரண்டி, கிளிப்பை 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தினார்.

"ஒரு கம்பி பச்ச புடிச்சுப் போச்சு. சிதம்பரம் போயிட்டு வர்ற வரைக்கும் தாங்கும். நாளைக்கி வேற சென்சார் போட்டுடலாம். ஆனா வண்டிய அக்கா ஓட்டட்டும்."

"ஏன், நான் ஓட்டுனா என்னா?"

"அவுங்களுக்குத்தான் எந்த எடத்துல பள்ளம்னு தெரியிது மாமா."

கலாதான் ஓட்டினாள். ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

பத்து மணிக்குக் கோயில் வாசலில் இறங்கியபோது, தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். "நீ வராம போயிடுவியோன்னு பயந்துட்டேண்ணா!" குழந்தை என் மடியில் உட்கார்ந்து, ஒரு கையால் என் மீசையைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி கத்தியது. மொட்டை ஆயிற்று. இரண்டு காதும் குத்தியாயிற்று. மணி பத்து இருபத்தைந்து!

சந்தனக் கிண்ணம் வந்தது. மொட்டைத் தலையில் தாய்மாமன்தான் முதலில் பூச வேண்டுமாம். பயபக்தியோடு விரல்களை விட்டு அள்ளினேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"காதுக்குள்ள போவாம பூசச் சொல்லுங்க... அப்பறம் நாசரத்தான் கூப்புடணும்!"