ஓடைக்குள் குமிழி எண்ணுபவர்

மண்வெட்டிக் காம்பைச் சேற்றில் ஊன்றிவிட்டு, பொன்னுதாஸ் அசையாமல் நிற்கிறார். குமிழிகள் மேலே வந்து உடைகின்றன. "பதினேழு. இங்க சேறு ஆழமாக்கும்" என்று தமக்கே சொல்லிக்கொண்டு, அந்த இடத்தில்தான் முதல் வெட்டுப் போடுகிறார்.

கேரள எல்லையில் பாறசாலையைச் சுற்றி, நெல்வயலை மேடாக்கி வாழை வைத்த தோட்டங்களின் வடிகால் ஓடைகளைத் தூர் வாருவது அவர் தொழில். ஐம்பத்திரண்டு வயது. முழங்காலுக்குக் கீழே தோல் எப்போதும் வெளுத்து ஊறியிருக்கும். ஆமைக்குஞ்சு அகப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, அடுத்த ஓடைவரை நடந்துபோய் விட்டுவிட்டு வருவார். தோட்டக்காரர்கள் முணுமுணுத்தால், "அதுக்கும் ஒரு எடம் வேண்டாமா?" என்பார்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்ரீகுமாரி வந்தாள். விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். பக்கத்து வயலில் வெள்ளை வாளியைக் கவிழ்த்து, அதில் செருகிய குழாய் வழியாக ஊசிக்குழலால் காற்றை உறிஞ்சி எடுத்தாள். பொன்னுதாஸ் அரைமணி நேரம் பார்த்தார்.

"பிள்ளே, காத்துதான் வேணுமெங்கி ஓடையில வையி. வயலவிட இங்கயாக்கும் கூடுதல்."

"உறப்பா, நிச்சயமாத் தெரியுமா அண்ணா?"

"முப்பது வருஷமா இதுக்குள்ளதானே கெடக்கேன்."

வைத்துப் பார்த்தாள். ஓடைக் காற்றில் மீத்தேன் பல மடங்கு இருந்தது. அது மேலே போய்ப் பூமியைச் சூடாக்கும் என்று அவள் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அப்போ இத்தன காலம் அதக் கெளப்பி விட்டது நானாக்குமா?"

"இல்லண்ணா. இலையும் சேறும் தேங்கிக்கெடந்து அழுகினாத்தான் அது கூடும். நீங்க வாரி, தண்ணிய ஓட விடுறீங்க. நல்ல காரியமாக்கும்."

அன்று சாயங்காலம் மனைவி சரோஜத்திடம் அதை மூன்று தடவை சொன்னார். தமக்குத் தெரிந்ததை ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

செவ்வாய் தவறாமல் ஓராண்டு அளக்க வேண்டும், ஒரு வாரமும் விடுபடக்கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பு. ஆடி மழையில் ஒரு செவ்வாயன்று ஓடையில் பொன்னுதாஸைக் காணோம். ஸ்ரீகுமாரி வாளியைக் கரையிலேயே வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனாள். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன.

"கெண்டைக்கால் வலி உண்டா?"

"தொட முடியல்ல மக்களே. ரெண்டு நாளு கெடந்தா மாறும். நீ போயி ஒனக்க வேலையப் பாரு."

"வேலை கெடக்கட்டு. இது எலிக்காய்ச்சலாக்கும். சேத்துத் தண்ணி வழியா கால்ல ஏறும்."

ஜீப் பிடித்து, சரோஜமும் அவளுமாக அவரை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். பன்னிரண்டு நாள் ஊசி. எழுந்து வந்தவருக்கு அவள் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். "சேறு காலுக்குப் புரியல்ல" என்று குறைபட்டுக்கொண்டே தினமும் போட்டுக்கொள்கிறார்.

சென்ற வாரம் ஆராய்ச்சி முடிந்தது. அளவெழுதிய நோட்டை அவரிடம் காட்ட அவள் ஓடைக்கரைக்கே வந்தாள். பக்கம் முழுக்க எண்கள். நடுவில் ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது.

"இது என்ன?"

"அண்ணன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செவ்வாய்."

"சாரு ஏசினாரா?"

"ஏசினாரு. பெறகு, அப்படியே இருக்கட்டும்னாரு."

பொன்னுதாஸ் கரையேறி, கையைத் துண்டில் இரண்டு தடவை துடைத்தார். பிறகு உள்ளங்கையை அந்த வெற்று வரியின் மேல் வைத்து, எடுக்காமல் நின்றார்.