மாடிக்குப் போன பீங்கான்

வருஷம் எண்பத்தாறோ எண்பத்தேழோ, எனக்கு முப்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. பட்டணத்துப் பெரிய டாக்டர் ஒருவர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்" என்றார். "உங்க உடம்பே உங்க மூட்டை எதிரின்னு நினைச்சு அடிக்குதும்மா. காலையிலதான் ஜாஸ்தியா இருக்கும்." எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அவர் மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் எல்லோரும் டாக்டர்கள்தான். முடக்கத்தான் தோசை சாப்பிடு என்றாள் நாத்தனார். தயிரை நிறுத்து என்றார் எதிர் வீட்டுக்காரர். "இந்த வயசுல மூட்டு வலியா?" என்று கேட்காத ஆள் சேலையூரில் இல்லை. வந்திருக்கே, என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

என் கஷ்டம் தோசையில் இல்லை, கக்கூஸில் இருந்தது. நாங்கள் குடியிருந்த கீழ்ப் போர்ஷனில் குந்தி உட்காரும் கக்கூஸ். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கணவருக்கு ரயில்வே வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். தூக்கிவிட ஆளில்லை. ஜன்னல் கம்பியில் கொடிக்கயிற்றைக் கட்டி, அதில் தொங்கி, அழுது, எழுந்து, புடவை சுற்றிக்கொண்டு போவதற்குள் பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்திருக்கும். "கிறிஸ்துமஸ் லீவுக்குள்ள சரி பண்ணிக்குங்க டீச்சர். இல்லன்னா லெட்டர் குடுத்துடுங்க" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். நாற்காலி மாதிரி உட்காரும் ஒரு வெஸ்டர்ன் பீங்கான் இருந்தால் வேலை பிழைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

மாடியில் இருந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர்.

"எங்க செலவுலயே வெச்சுக்கறோம் சார்."

"இன்னா டீச்சர், ஒருத்தர் குந்துன எடத்துல இன்னொருத்தர் குந்துறதா? அசிங்கமா கீது. நாளைக்கு நீங்க காலி பண்ணிகினு போய்ட்டா வர்றவன் இன்னா பண்ணுவான்?"

ஒரு நாள் மோட்டார் போட வந்த அவர் மனைவி அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். குனிந்து தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும் முட்டி போய்ட்ச்சும்மா. ரெண்டு வருசமா செவுத்தப் புட்ச்சிகினுதான் எய்ந்துக்கிறேன். அவருக்குத் தெரியாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. "வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு." வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும், ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதுதான் என்று எப்படிப் பேச வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன்.

சொல்லியிருக்கிறார். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை நான் கிளம்பும்போது, வாசலில் மீன்பாடி வண்டியிலிருந்து வெள்ளைப் பீங்கானை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் லேட். ஆனாலும் பீங்கான் கீழ்ப் போர்ஷனுக்கும்தான் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே போய், இனிமேல் நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால், என் கக்கூஸ் அப்படியே இருந்தது. கயிறும் அப்படியே. கொத்துகிற சத்தம் மாடியில் கேட்டது.

வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்றார். முகமெல்லாம் சந்தோஷம். "உன் புண்ணியம் டீச்சர். நீயும் மேல வந்து போம்மா."

"ஒருத்தர் குந்துன எடத்துலயா? சாருக்கு அசிங்கம் இல்லையாக்கா?"

"வூட்டு மனுசங்கதானேம்மா, அதுல இன்னா கீது."

படி பதினெட்டு. முதல் படியிலேயே என் முட்டி நின்றுவிடும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது.

பூச்சு காய்ந்து முடிந்த பிறகு ஒரு காலை, நான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது மேலே ஃப்ளஷ்ஷை இழுத்துவிட்டார்கள். என் சுவரை ஒட்டிப் புதிதாக இறக்கியிருந்த குழாய் வழியாகக் கடகடவென்று கீழே ஓடியது. கையில் கிடைத்த பிளாஸ்டிக் மக்கால் அந்தக் குழாயை ஓங்கி அடித்தேன். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. என் மணிக்கட்டுதான் வீங்கியது. ராஜினாமாக் கடிதத்தை அந்தக் கையால்தான் எழுதினேன்.