ஆமை மனுஷனுக்கு ஞாயிறு லீவு

உட்கார்ந்த இடத்திலேயே மூணு பேரைக் கடலுக்குள் இறக்கி, சாகாமல் கரையேற்றுவது என் தொழில். மேசையைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தி மந்திரவாதி. நான் கதையைச் சொல்லச் சொல்ல, அவர்கள் என்ன செய்வோம் என்று சொல்லி இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் காரியம் நடக்கும். பிழைப்பதும் சாவதும் பகடையின் புண்ணியம். திட்டு வாங்குவது மட்டும் நான். இந்த ஆட்டத்தை நடத்தி நொந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

எங்கள் ஆட்டம் நெய்யூர் பக்கம் ஸ்டீபன் அண்ணனின் பேக்கரி மாடியில். ஏற்கெனவே இரண்டு கூட்டம் பாதி ஆட்டத்தில் எழும்பிப் போயாச்சு. "இதுங்களும் போச்சுன்னா மாடிய டியூஷனுக்கு விட்டுருவேன், பாத்துக்க" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த மாடி போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் பகடையைக் கண்டாலே சூதாட்டம் என்பார்கள். என்ன தைரியமோ, இந்த நேரம் பார்த்துக் கடலடிக் கதையை எடுத்தேன். மூழ்கிப்போன அரண்மனை, உள்ளே ஒரு முத்துப்பெட்டி. நானோ அருமனைக்காரி, ரப்பர் மரத்துக்கு நடுவில் வளர்ந்தவள். கடல் என்றால் வட்டக்கோட்டை மதில்மேல் நின்று பார்த்ததோடு சரி.

டெஸ்ட் டோஸ்

தண்ணீருக்குள் மூச்சுவிட ஆளுக்கு ஒரு மடக்கு மந்திரக் கஷாயம் கொடுத்தேன். குடி என்றால் குடிக்க வேண்டியதுதானே? மந்திரவாதியாக ஆடும் ஜெனிட்டா நிஜத்தில் நர்ஸ். யாருக்கு என்ன ஒத்துக்காது என்று விசாரணையை ஆரம்பித்தாள். தன் வாள்வீரனுக்கு இறால் தின்றால் தடிக்கும் என்று பிஜின் வேறு எடுத்துக் கொடுத்தான். போச்சு! கப்பல் கரையிலேயே நின்றது. "ஏட்டி, இது மந்திரம்!" என்று கத்திப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

"மந்திரமோ மருந்தோ, ஒரு சொட்டு குடுத்து அரமணிக்கூர் பாக்கணும் அக்கா. பொறவுதான் கடல்."

எட்டுக் கைக்கு நாலு பங்கு

ஒருவழியாக இறங்கினார்கள். அரண்மனை வாசலில் ஒரு பேய்க்கணவாய், அதான் ஆக்டோபஸ், எட்டுக் கையும் தென்னை நீளம். ராப்பகலாக மண்டையை உடைத்து உண்டாக்கிய மிருகம். அலறுவார்கள் என்று குரலைத் தாழ்த்தி வர்ணித்தேன். மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்க நல்லா இருக்குமா என்று கேட்டான் பிஜின். இவன் என் ஊர்க்காரன், தின்னுவதிலேயே குறி.

சகாயம் அதுக்கும் மேல. அவன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். ஆட்டத்தில் ஆமை மனுஷன். யாருக்கு எத்தனை கை, வள்ளத்துக்கு எத்தனை கை என்று பிரிக்கத் தொடங்கிவிட்டான். கணவாய் பாவம், வாசலிலேயே காத்து நின்றது. "ஏலே, அது உங்களத் திங்க வந்திருக்கு!" என்றேன்.

"அது வரட்டும் அக்கா. கொல்லுறதுக்கு முன்ன பங்கு பேசிரணும், இல்லன்னா கரையில சண்ட வரும்."

ஞாயிறு

கணவாயைக் கொன்று, கப்பலுக்குத் திரும்பித் தூங்கினார்கள். "விடிஞ்சாச்சு. ஞாயித்துக்கெழம. பெட்டிய எடுக்க எறங்குங்க" என்றேன். கிழமையைச் சும்மா ஒரு அழகுக்குச் சொன்னேன். சகாயம் பகடையைக் கீழே வைத்துவிட்டான். அவர்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அதனால்தான் அவன் ஆட வருவதே. எனக்கு அது உறைக்கவில்லை.

"உன் ஆளு ஆமைலே. ஆமைக்கு ஏது ஞாயிறு?"

"ஆமைய நடத்துறது நான்லா?"

ஆமை மனுஷன் வழிகாட்டாமல் மற்ற இருவரும் இறங்க முடியாது, திங்கள் வரை பொறுக்கவும் வழியில்லை. சாயங்காலத்துக்குள் அரண்மனை மண்ணில் புதைந்துவிடும் என்று நானே சொல்லித் தொலைத்திருந்தேன். "பெட்டிய விட்டுட்டுச் சும்மா இருக்கவா வந்தேன்?" என்று பிஜின் பையைத் தோளில் மாட்டினான். ஜெனிட்டா செருப்பைத் தேடினாள். சரியாக அந்நேரம் ஸ்டீபன் அண்ணன் பப்ஸ் தட்டோடு படியேறி வருகிறார். மாடி போச்சு! அழுகையே வந்தது, சத்தியமாக.

"பெட்டி கெடக்கட்டும்" என்றேன். "உள்ள ஒரு ஆளு சிக்கிக் கெடக்கான். உயிரோட. கதவத் தட்டுற சத்தம் கேக்குது."

ஒரு நிமிஷம் முன்புவரை அப்படி ஒரு ஆள் என் கதையிலேயே கிடையாது. நான் சொல்லி முடிக்குமுன் பகடை சகாயத்தின் கையில் இருந்தது. பிஜின் பையை இறக்கி வைத்தான். யாருமே சிரிக்கவில்லை.

"ஆளக் காணலன்னா ஞாயிறு கெடையாது அக்கா. எல்லா வள்ளமும் எறங்கும்."

பப்ஸ் தட்டு

கதவின்மேல் தூண் விழுந்து கிடந்தது. சகாயம் உருட்டினான், அசையவில்லை. ஜெனிட்டா உருட்டினாள், அதுவும் இல்லை. பிஜின் போட்ட வேகத்தில் பகடை மேசைக்கு அடியில் ஓடிவிட்டது. நாலு பேரும் தவழ்ந்து போய்ப் பார்த்தோம். பதினேழு! கதவு திறந்தது.

அடியில் கிடந்தபடி பார்த்தால் இன்னொரு ஜோடிக் கால். ஸ்டீபன் அண்ணன் போகவேயில்லை. தட்டு சரிந்து பப்ஸ் எல்லாம் தரையில். சரி, டியூஷன்தான் என்று தலையை வெளியே நீட்டினேன்.

"டியூஷன்காரங்கிட்ட வேற எடம் பாக்கச் சொல்லிருதேன். அந்த ஆளுக்குப் பேச்சு மூச்சு இருக்கா, அதச் சொல்லு மொதல்ல."

நீச்சல் தெரியாத நான் அன்றைக்குக் கடலுக்குள்ளிருந்து யாரைக் காப்பாற்றினேன் என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன், என்னைத்தான்.