கங்காணி வீட்டுக் கதவு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓர் எருக்குழி இருந்தது. ஆட்களை வேலை வாங்கும் கந்தப்பன் கங்காணி தன் மாட்டுச் சாணத்தைக் கொட்டுவதற்காக வெட்டிய குழி. மார்கழி மழையில் அது விளிம்புவரை நிரம்பி நிற்கும். மூடச் சொல்லி லயத்துப் பெண்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். மாட்டின் மேல் இருந்த அக்கறையில் கால்வாசிகூட அந்த மனிதருக்குப் பிள்ளைகள் மேல் கிடையாது.

இராக்கம்மா அந்த லயத்தில் குடியிருந்து கொழுந்து பறித்தவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மிச்சம் இருந்தது மகள் பாக்கியலெட்சுமி மட்டும்தான், அப்போதுதான் ஓடப் பழகிய குழந்தை. தாய்மார்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளைக் கால் ஊனமான ரெங்கம்மாவிடம் விட்டுப் போவார்கள். ஓடுகிற பிள்ளைகளின் இடுப்பில் பழைய சேலையைக் கயிறாக முறுக்கிக் கட்டி, மறுமுனையை லயத்துத் தூணில் முடிந்து வைப்பது வழக்கம். சோறூட்டும்போது மட்டும் ரெங்கம்மா அவிழ்த்துவிடுவாள்.

ஒரு மார்கழியில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கொழுந்து குவிந்து ஆள் போதாமல் போயிற்று. கங்காணி நேரே லயத்துக்கு வந்து ரெங்கம்மாவைக் கிளப்பினார்.

"புள்ளைகள யாருங்க பாக்கிறது?"

"கட்டித்தானே கெடக்குதுங்க? ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது, வா."

பாக்கியம் அப்போது சோறு தின்றுகொண்டு அவிழ்ந்து கிடந்தாள். மறுபடி கட்டக்கூட அவர் விடவில்லை. சாயங்காலம் இராக்கம்மா கூடையை இறக்கிவிட்டு வந்தபோது, குழியிலிருந்து எடுத்த பிள்ளையைச் சாக்கில் கிடத்தியிருந்தார்கள்.

தோட்டத்துத் துரை விசாரித்தார். கங்காணி கூசாமல் சொன்னார்: "தாய்க்காரி புள்ளையக் கட்டாமப் போட்டுட்டு மலைக்குப் போயிட்டா, தொரை." ரெங்கம்மாவை மறுநாளே ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். போகும் முன் அவள் அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் இராக்கம்மாவிடம் சொன்னாள். லயத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் வேலை கிடைக்காது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். என் வீட்டுப் பெண்களும் சேர்த்தித்தான். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளையைக் கொன்றதைவிட, கொன்ற பழியைத் தன் தலையில் கட்டியதைத்தான் இராக்கம்மாவால் பொறுக்க முடியவில்லை. 'அந்த வாயாலேயே, ஊர் கேட்க, நான்தான் என்று சொல்ல வைக்கிறேன்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள், கங்காணி பதுளைக்குப் போயிருந்த சமயம், அவர் வீட்டு வாசல் கதவைக் கழற்றினாள். ஒற்றைப் பலகைக் கதவு. பட்டப்பகலில் அதை இழுத்துக்கொண்டு வந்து, குழியின் மேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். லயத்துப் பிள்ளைகளும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

கங்காணி திரும்பி வந்து பிரம்போடு பாய்ந்தார். "ஏய், எந்திரிடி! யார் வீட்டுக் கதவுன்னு தெரியுமா?"

"தெரியுங்க. எடுத்துக்கங்க. அன்னிக்கு ரெங்கம்மாவக் கூட்டிட்டுப் போனது யாருன்னு சொல்லிட்டு எடுத்துக்கங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கையில் துரையின் குதிரை வந்தது. குழி மூடியிருப்பதையும் பிள்ளைகள் பத்திரமாக இருப்பதையும் துரை பார்த்தார். கங்காணிதான் தன் கதவைப் போட்டு மூடினார் என்று நினைத்து, "நல்ல வேலை செய்தீர், கங்காணி" என்று பாராட்டினார். இந்தப் பெண்ணே இனிப் பிள்ளைகளைப் பார்க்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கங்காணி அந்தப் பாராட்டைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதால் வசமாக மாட்டிக்கொண்டார். அதன்பிறகு கதவைத் திருப்பிக் கேட்க அவருக்கு முகமில்லை. பதுளையிலிருந்து புதுக்கதவு வரும்வரை வாசலில் சாக்குதான் தொங்கியது.

இராக்கம்மா அந்தக் கதவின்மேல் உட்கார்ந்து லயத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். அடுப்புப் பக்கம் தடுப்பு வைத்தாள், ஓடைப் பாதையில் முள் வெட்டிப் போட்டாள். அவள் கையில் இருந்த எந்தப் பிள்ளைக்கும் ஒரு சிராய்ப்புகூட வந்ததில்லை.

சில வருடம் கழித்துக் கங்காணியின் மருமகள் நோயில் படுத்தாள். பேரன் லிங்கம் தானாகவே தத்தித் தத்தி லயத்துக்கு வர ஆரம்பித்தான். கங்காணி அடித்து இழுத்துப் போனாலும் மறுநாள் வந்து நிற்பான். பெண்கள் பயந்தார்கள். இராக்கம்மாவின் கண்ணில் எரிந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் மற்றப் பிள்ளைகளைவிட அவனைத்தான் அவள் அதிகமாகக் காத்தாள். மழைத்துளி படவிட மாட்டாள்.

"எதுக்குடி அந்த ஆளோட பேரனுக்கு இம்புட்டுக் காவல்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இவன் நல்லா வளரணும், நல்லாப் பேசணும். இவன் கேக்கிறப்ப அந்த ஆளால பிரம்ப எடுக்க முடியாது."

லிங்கத்துக்கு வாய் நன்றாகத் திறந்தது. ஒரு சாயங்காலம் கங்காணி அவனைக் கூட்டிப்போக வந்தார். பெண்கள் தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தோடு நின்றார்கள். பையன் கதவைக் காலால் தட்டினான்.

"தாத்தா, இது நம்ம வீட்டுக் கதவாமே? ஏன் இங்க கெடக்குது?"

"வாடா, வீட்டுக்குப் போவோம்."

"பாக்கியம் அக்கா இதுக்குள்ளதான் விழுந்துச்சாம். அதப் பாத்துக்கிட்ட ரெங்கம்மாவ யாரு தாத்தா கூட்டிட்டுப் போனது?"

கங்காணி இராக்கம்மாவைப் பார்த்தார். அவள் இமைக்கவில்லை. பையன் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அவர் தலை குனிந்தது.

"நான்தான்டா," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க கங்காணி," என்றாள் இராக்கம்மா. "பீலியடியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."